தியாகேசன் விற்ற கார்

கார் அறுபதைத் தொட்டால் போதும், ஸ்டீயரிங்கிலிருந்து பின்சீட்டு வரைக்கும் கிடுகிடுவென்று ஆடும். கியர் கம்பி தானாகத் தலையாட்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கும், மிதித்தால் மறுபடி ஆரம்பிக்கும். ஏழெட்டு மாதமாக இந்த ஆட்டத்தோடுதான் செழியன் நீடாமங்கலத்துப் பக்கமிருந்து திருவாரூருக்குப் போய் அறிவியல் பாடம் நடத்திவிட்டு வந்தான். அறிவியல் வாத்தியாருக்குக் காரணம் தெரியாமலா இருக்கும்? தெரியும். காரணத்தின் பெயர் தியாகேசன். தங்கை செம்மொழியின் புருஷன். போன தையில் இந்தக் காரை விற்றவன் அவன்தான்.

தியாகேசனுக்கு மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை. ஐந்து வருடம் அந்தக் காரை வைத்திருந்தான். உள்ளே உட்கார்ந்து பிஸ்கட் தின்னப் பெற்ற மகளையே விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை பொழுது முழுக்க அதைத் துடைத்துக்கொண்டிருப்பான். வீடு கட்ட ஆரம்பித்ததால் மனசில்லாமல் கொடுத்தான். செழியன் தெருவுக்கு அதுதான் முதல் கார். பிறத்தியார் வயலில் நட்டும் அறுத்தும் பத்து மா நிலம் சேர்த்து, மகனை வாத்தியாராக்கிவிட்டுக் கண்ணை மூடியவர் அவன் அப்பா. அவர் இருந்திருந்தால் காரைத் தொட்டுக் கும்பிட்டிருப்பார்.

வைகாசியில் ஆட்டம் தொடங்கியது. முதல் மெக்கானிக் என்ஜினைத் தாங்குகிற ரப்பரை மாற்றினான். ஆட்டம் போகவில்லை. இரண்டாமவன் நாலு சக்கரத்துக்கும் பேலன்ஸ் பார்த்தான். அப்போதும் போகவில்லை. மூன்றாமவன் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "கியர்பாக்ஸ் போச்சு சார். முன்னாடி வச்சிருந்தவங்க நல்லா தின்னுட்டுத் தள்ளி விட்டிருக்காங்க" என்றான். செழியனுக்கு அந்த மெக்கானிக்கை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பழியைத் தூக்கிப் போட ஒரு தலை கிடைத்துவிட்டால் மனிதனுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி ஏது?

ஆவணியில் தங்கை மகள் பூமிகாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை அழுதது, செழியன் செய்ய வேண்டிய சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தான். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்த தியாகேசன், "என்ன மச்சான், நம்ம வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டான். பாவி, ஆசையாகத்தான் கேட்டான்.

"ஓடலைங்க மாப்ள, ஆடுது. தங்கச்சி புருஷனாச்சேன்னு கண்ண மூடிக்கிட்டு வாங்கினேன். குப்பையத் தலையில கட்டிட்டீங்க. சொந்தத்துலயே ஏமாத்துறவன் ஊர்ல யாரத்தான் விடுவான்?"

பந்தியே கை நிறுத்திப் பார்த்தது. வீட்டு விசேஷம், தியாகேசன் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அந்த வரிசை முடியும் வரை சாம்பார் ஊற்றினான். இரண்டு இடத்தில் இலைக்கு வெளியே சிந்தினான்.

அதோடு பேச்சு நின்றது. தீபாவளிச் சீர் கொண்டுபோனபோது செம்மொழி கேட்டுக்கு உள்ளேயே நின்றாள். "அண்ணே, தயவுசெஞ்சு எடுத்துக்கிட்டுப் போயிடு. அவரு ரெண்டு மாசமா சரியா சாப்புடுறதில்ல. உன்னப் பார்த்தா இன்னும் மோசமாயிடும்" என்றாள். பொங்கல் சீரும் திரும்பினால் பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. அப்பா அம்மா இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தான் பிறந்த வீடு.

மார்கழிக் கடைசியில், காரை எவனிடமாவது தள்ளிவிடலாம் என்ற எண்ணத்தில், ஆட்டத்தை மட்டும் நிறுத்தித் தரச் சொல்லி தஞ்சாவூர் பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் தௌபீக்கிடம் கொண்டுபோனான். ஏமாற்றியவனைத் திட்டிவிட்டு நாமும் அதையே செய்வது நம் ஊரில் புதுசில்லை.

பழசாக வாங்கிய வண்டி என்று மட்டும் செழியன் சொன்னான். தௌபீக் வேறெதையும் கேட்டுக்கொள்ளாமல் சாவியை வாங்கி, செழியனைப் பக்கத்தில் உட்கார வைத்து வல்லம் வரை ஓட்டினான். திரும்பி வந்து சொன்னான்: "நின்ன இடத்துல என்ஜின முறுக்கிப் பார்த்தேன், ஆடல. அப்ப என்ஜின் இல்ல. அறுபதுல போறப்ப கிளட்ச மிதிச்சேன், வேகம் குறையுறதுக்கு முன்னாடியே ஆட்டம் நின்னுடுச்சு. அப்ப சக்கரமும் இல்ல. இழுக்கிறப்ப மட்டும்தான் ஆடுது. கியர்பாக்ஸ்லேருந்து சக்கரத்துக்குப் போற ஆக்சில்ல பாப்போம் சார்."

காரை மேலே தூக்கி, அடியிலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். கியர்பாக்ஸை ஒட்டி, ஆக்சிலில் மணிக்கட்டுப் பருமனுக்குக் காய்ந்த கொடி கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. அதன் கீழே ரப்பர் உறை கிழிந்து, கிரீஸெல்லாம் வெளியேறி, மூட்டுக்குள் மண் ஏறியிருந்தது. தௌபீக் கத்தியால் கொடியை அறுத்துக் கையில் வைத்துப் பிரித்தான். நாலைந்து கறுப்பு மணி உதிர்ந்தது. உளுந்து.

"ரோட்டுல காயப்போட்டிருக்கிறது மேல போனா ஒண்ணு ரெண்டு கொடிதான் சார் மாட்டும். இது யாரோ முன்ன பின்ன, முன்ன பின்னன்னு நாள் பூரா இந்த வண்டிய ஏத்தி உளுந்து போரடிச்சிருக்காங்க. வித்தவரு விவசாயிங்களா?"

"இல்ல. இ.பி.ல இருக்காரு."

"அப்ப அவரு இல்ல. கொடியும் ரொம்பப் பழசில்ல, போன பங்குனி அறுப்புக் கொடிதான். மத்த இடமெல்லாம் பாருங்க, வண்டியக் கண்ணா வச்சிருந்திருக்காரு மனுசன்."

செழியனுக்கு நினைவு வந்தது. பங்குனியில் உளுந்து பிடுங்கிப் போட்டிருந்த நேரம். டிராக்டர்காரன் நாளைக்கு என்றான், மேற்கே மேகம் திரண்டது. தெருவே ரோட்டில் செடியைப் பரப்பிப் போகிற வருகிற பஸ்ஸையும் லாரியையும் நம்பியிருந்தபோது, "நம்ம வண்டி எதுக்கு இருக்கு?" என்று அவன்தான் காரை அதன்மேல் ஏற்றினான். வாத்தியார் மூளை, சும்மாவா? கவைக்கோலால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த மனைவி மாலதி, "அடியில கொடி மாட்டுதுங்க, போதும்" என்று கத்தினாள். "உனக்கு என்ன தெரியும்?" என்று உச்சிப்பொழுது வரை ஓட்டினான். உளுந்து நன்றாகவே உதிர்ந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கூடத்தை மட்டுமா சொன்னான், கூடத்தைக் கட்டினவனையே பந்தியில் வைத்து ஏமாற்றுக்காரன் என்றான்.

வெட்கமாக இருந்தது. எங்கேயாவது போய்த் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆக்சிலை மாற்றி முடிக்கும் வரை பட்டறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

போகியன்று விடியலில், கரும்பும் மஞ்சள் கொத்தும் ஏற்றிக்கொண்டு திருவாரூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். எண்பதில் போனாலும் கார் அசையவில்லை. கொரடாச்சேரி தாண்டியதும் மாலதியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அவருகிட்ட இதச் சொல்லிட்டு அப்புறம் சீர்த்தட்ட எடுங்க" என்றாள்.

"அதத்தான் சொல்லப் போறேன். கால்ல விழுந்தாலும் விழுவேன்."

மனசாரத்தான் சொன்னான். வழி முழுக்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தான். மாப்ள, தப்பு என்னோடது. உங்க வண்டி தங்கம். நான்தான் கெடுத்தேன்.

கார் சத்தம் கேட்டதும் தியாகேசனே கேட்டைத் திறந்தான். ஆள் இளைத்து, சட்டை தோளில் தொங்கியது. செழியன் வாயெடுப்பதற்குள் அவன் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நான் முதல்ல பேசிடுறேன். நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதான். யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே போச்சு. பூமிகா பொறந்த அன்னிக்கு இவளுக்கு ரொம்ப முடியாம, தஞ்சாவூர் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. பேய் மழை. ரோட்டுல முட்டிக்கால் தண்ணி. ஆம்புலன்ஸ் வரல. வண்டிய அந்தத் தண்ணியிலதான் விட்டேன். அப்ப தண்ணி உள்ள போயிருக்கும். உங்ககிட்ட விக்கிறப்ப அத சொல்லணும்னு தோணாமப் போச்சு. சத்தியமா மறைக்கல, தோணல. மன்னிச்சிருங்க."

வாசலில் நின்ற செம்மொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கையைப் பிழைக்க வைத்த ஓட்டத்துக்காக அவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறான். இப்போது ஒரு வார்த்தை போதும். செழியன் நாக்கு அதை நுனி வரை கொண்டுவந்தது. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆள் பார்க்கிறார்கள் என்றதும் அந்த வார்த்தை வந்த வழியே உள்ளே போய்விட்டது.

"பரவாயில்ல மாப்ள" என்றான். "போனது போகட்டும். மெக்கானிக் சரி பண்ணிட்டான்."

"என்னன்னு சொன்னாங்க?"

"ஆக்சில்தான். பழைய வண்டின்னா அப்படித்தானாம்."

தியாகேசன் முகம் ஐந்து மாதத்துக்குப் பிறகு தெளிந்தது. "மனசுலேருந்து பாரம் எறங்கிடுச்சு மச்சான். ஆனா ஒண்ணு. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நடந்தது. காணும் பொங்கலுக்கு எல்லாரும் இங்கதான் வர்றாங்க. அவங்க முன்னாடியே நான் எந்திரிச்சு, தப்பு என் மேலதான், மச்சான் பெரிய மனசு பண்ணி விட்டுட்டாருன்னு சொல்லிடுறேன். அப்பத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

"எங்கண்ணன் மனசு யாருக்கு வரும்" என்று செம்மொழி அழுதாள்.

காருக்குப் பக்கத்தில் நின்ற மாலதி செழியன் வாயையே பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. டிக்கியைத் திறந்து சீர்த்தட்டை எடுத்தான்.

"உங்க இஷ்டம் மாப்ள" என்றான்.