தேறும், தேறாது

1

இந்தக் கதை ஒரு டப்பா பெயிண்டிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாலை வகுப்பில் டீச்சர், இதுவரை நன்றி சொல்ல முடியாமல் போன ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார். எனக்கு, வெள்ளத்தில் மூழ்கிய எங்கள் வீட்டை வாங்கியவர் நினைவுக்கு வந்தார். வீட்டில் நாங்கள் அவரை ‘உள்ளபடி’ என்றுதான் சொல்வோம். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கறேன், கையில ரொக்கம்" என்பதுதான் போனில் அவர் எங்களிடம் பேசிய முதல் வாக்கியம்.

ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பெயிண்ட் டப்பாவோடு அம்மா குறுக்கே வந்துவிடுகிறாள்.

நான் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். எதையும் வரிசைப்படி செய்தால்தான் எனக்குக் கை ஓடும். அதனால்தான் இந்த எண்கள். எண்கள் சரியாக இருக்கும். கதைக்கு என்னால் உறுதி தர முடியாது.

2

தொடக்கங்கள்.

"அன்று விடிந்தபோது ஆறு எங்கள் கூடத்துக்குள்—"

வேண்டாம். எல்லா வெள்ளக் கதைகளும் இப்படித்தான் விடிகின்றன.

"வீடு என்பது வெறும் செங்கல்லும் சிமெண்டும்—"

இதை வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கேயே மூடி வைத்திருப்பேன்.

"அத்தை சமையலறையில் படுத்திருந்தாள்."

இது நிற்கிறது. அத்தை, அப்பாவின் தங்கை. இரண்டே அறை உள்ள வாடகை வீட்டில் தனியாக இருப்பவள். தண்ணீர் வடிந்ததும் எங்கள் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு போனாள். தன் கட்டிலை அம்மா அப்பாவுக்குக் கொடுத்தாள், முன்னறையை எனக்கு. அவள் அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே போர்வையை விரித்துக்கொண்டாள். மாதக்கணக்கில்.

ஒருநாள் அவளுடைய வீட்டுக்காரர் வந்து, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். "மாசக் கடைசிக்குள்ள விருந்தாளிங்க கிளம்பணும். இல்லேன்னா நீங்களும் சேர்ந்து கிளம்பிடுங்க" என்றார்.

அவர் போனதும் நான் அத்தையிடம் போய், "அத்தை, நீங்க எங்களுக்குச் செஞ்சதுக்கெல்லாம் நான் எப்படி—" என்று ஆரம்பித்தேன்.

"நன்றியா? முதல்ல அந்த ஈரத் துண்டைக் கட்டில்லேர்ந்து எடுடி."

(வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. இந்தக் கதையில் பாதியில் நிற்கும் வாக்கியங்கள் எல்லாம் நான் வேண்டுமென்று நிறுத்தியவை அல்ல.)

எங்களால் அத்தை தெருவுக்கு வரக்கூடாது. அதற்கு வீடு விற்க வேண்டும். பழுது பார்க்க எங்களிடம் வழியில்லை. பழுதான வீட்டுக்கு வங்கி கடன் கொடுக்காது என்பதால் மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வருகிறேன் என்றவர் உள்ளபடி ஒருவர்தான்.

3

அவர் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அம்மா பெயிண்ட் வாங்கி வந்தாள்.

"அம்மா, அவர் பழுதாத்தான் வாங்கறேங்கறார். பாதிச் சுவரை இடிக்கத்தான் போறார்."

"இடிக்கிறதுக்கு முன்னாடி பார்ப்பார்ல?"

"பார்த்தா என்ன?"

"இந்த வீட்டுப் பொம்பளை சுவரை இப்படியா வெச்சிருந்தான்னு நினைக்க மாட்டார்?"

"வெள்ளம் பண்ணினதும்மா அது."

"வெள்ளமா வந்து பதில் சொல்லப் போகுது? நான்தானே நிக்கணும்?"

அப்பா பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். நானும் எடுத்தேன். உள்ளே ஈரம் காயாத சுவர்களில் இளமஞ்சள் பூசினோம். ஜன்னலின் பாதி உயரத்தில் ஓடிய சேற்றுக் கோடு மறைந்தது. கூடத்து விரிசல் மறைந்தது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றாள்.

* அம்மாவைக் கேலி செய்வதுபோல் இருந்தால், அது என் எழுத்தின் கோளாறு. அன்றைக்கு எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

4

உள்ளபடி என்ற பாத்திரம் குறித்து எனக்குள்ள சந்தேகம்.

முதல் வரைவில் அவரை வில்லனாக எழுதினேன். கறுப்புக் கண்ணாடி, விரல் நிறைய மோதிரம், வாயில் பல் குத்தும் குச்சி. வகுப்பில் எல்லோரும் உடனே நம்பினார்கள். அதுதான் என்னை உறுத்தியது. உண்மையில் அவர் முழங்கால் வலியோடு, படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறுகிற மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாக்பீஸ். சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். தேறும் என்றால் ஒரு சரி. தேறாது என்றால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் போட்டதெல்லாம் இடிபடும்.

இரண்டாவது வரைவில் அப்படியே எழுதினேன். பேக்கரியில் வேலை பார்க்கும் வகுப்புத்தோழர், "வீடு வாங்க வர்றவங்க இவ்ளோ நல்லவங்களா இருக்க மாட்டாங்க, மாத்துங்க" என்றார்.

மாற்றவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம்—

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

5

வாசலைத் தாண்டியதும் உள்ளபடி நின்றுவிட்டார். மூக்கைச் சுருக்கினார். சாக்பீஸை எடுக்கவே இல்லை.

"சார், தண்ணி வந்ததுக்கு நான் பயப்படலை. தெருவுக்கே வந்துச்சு. பெயிண்டுக்குத்தான் பயப்படறேன்."

"சும்மா, பார்க்கச் சுத்தமா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார் அப்பா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எது தேறும், எது தேறாதுன்னு தெரிஞ்சாத்தான் நான் வாங்க முடியும். இங்க எனக்கு ஒண்ணுமே தெரியலை. தப்பா எடுத்துக்காதீங்க." வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த நொடியில் அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே இருந்த போர்வை என் கண் முன்னால் வந்தது. [அப்போதே வந்ததா, எழுதும்போது வந்ததா? தெரியவில்லை. அடைப்புக்குள் இருக்கட்டும்.]

அம்மா பெயிண்ட் டப்பாவின் மூடியை எடுத்தாள். அதன் விளிம்பால் சுவரில் ஓர் இழுப்பு இழுத்தாள். ஈரத்தில் ஒட்டாத பெயிண்ட் தோல் உரிவதுபோல் வந்தது. அடியில் சேற்றுக் கோடு.

"இந்தாங்க. இதுவரைக்கும் வந்துச்சு. என் கழுத்து மட்டத்துக்கு." இன்னோர் இழுப்பு. "இது விரிசல். அந்த மூலை வரைக்கும் போகுது."

"மூலையோட எங்க நிக்குது? பின்பக்கம் வரைக்கும் போகுது" என்றார் அப்பா.

"பின்கதவு மூடாது" என்றேன்.

"திறக்கவும் திறக்காதுங்க. அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு" என்றாள் அம்மா.

"சுவிட்ச் போர்டைத் தொட்டீங்கன்னா நான் பொறுப்பில்லை."

"தரையைத் தட்டிப் பாருங்க! உள்ள ஒண்ணுமே இல்லை!"

எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே கட்சியில் பேசியது அன்றைக்குத்தான். உள்ளபடி சிரித்துவிட்டார்.

"போதும்மா, போதும். இன்னும் ரெண்டு சொன்னா நீங்கதான் எனக்குக் காசு குடுக்க வேண்டியிருக்கும்."

சாக்பீஸ் வெளியே வந்தது. பெருக்கல், பெருக்கல், ஒரு சரி, மறுபடி பெருக்கல். ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையை ஆட்டினாள், பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிறவள் மாதிரி.

அப்புறம் பரண்.

கூடத்தில், கல்யாணமான புதிதில் அப்பா தன் கையால் கட்டியது. மரம் தேவைக்கு மேல் தடிமன். உயரம் தேவைக்கும் குறைவு. வருகிறவர்கள் எல்லோரும் அதில் தலையை இடித்துக்கொள்வார்கள். "ரெண்டு பெட்டி வைக்கப் பாலம் கட்டின மனுஷன்" என்று அம்மா அப்பாவைச் சொல்லாத விருந்து இல்லை.

உள்ளபடியும் இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தபடி, "இதுல என்ன குறை? அதையும் சொல்லிடுங்க" என்றார்.

அப்பா தரையைப் பார்த்தார்.

"அதுல ஒரு குறையும் இல்லைங்க" என்றாள் அம்மா. "தண்ணி வந்தன்னிக்கு, படகு வர்ற வரைக்கும் மூணு பேரும் அது மேலதான் இருந்தோம். கொஞ்சங்கூட ஆடலை." பிறகு அப்பா பக்கம் திரும்பாமலே, "இவர் கட்டினது" என்றாள்.

அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்தான்.

உள்ளபடி பரணைத் தட்டிக் கேட்டார். மறுபடியும் தட்டினார். இவ்வளவு தாழ்வான பரணைப் பழுது பார்த்த வீட்டில் எவரும் விரும்ப மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். சாக்பீஸை உயர்த்தினார். எங்களைப் பார்த்தார். அப்படியே அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இதை, நீங்க சாவி குடுத்தப்புறம் பார்த்துக்கறேன்" என்றார்.

நான் எழுத நினைத்த கதை மொத்தமும் அந்தக் கை பைக்குள் போன கொஞ்ச நேரம்தான்.

6

வீடு விற்றது. மாதக் கடைசிக்குள் நாங்கள் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம், சிறியதுதான், மாடியில். அத்தை மறுபடி தன் கட்டிலில் படுக்கிறாள். "முதுகெல்லாம் வலிக்குதுடி, அடுப்படிதான் சுகமா இருந்துச்சு" என்று போனில் சொன்னாள். வேண்டுமென்றே சொல்கிறாள். நான் சிரித்தால் அவளுக்குப் போதும்.

சாவி கொடுத்த அன்று உள்ளபடியிடம், "ரொம்ப நன்றி சார்" என்றேன்.

"விலையா? அது நியாயமான விலைதாம்மா" என்றார்.

"அதுக்கில்லை, நீங்க அன்னிக்கு அந்தப் பரண்ல—"

அதற்குள் அவருக்கு வேறு போன் வந்துவிட்டது.

7

டீச்சர் இதைப் படித்துவிட்டு, பாதியில் நிற்கும் வாக்கியங்களையும் அடைப்புகளையும் எடுத்துவிட்டு, ஒரு முடிவு வைத்து, சுத்தமாக எழுதி வரச் சொன்னார். நியாயமான யோசனைதான். பேனாவை எடுத்தேன். மூக்கில் பெயிண்ட் வாசனை அடித்தது. வைத்துவிட்டேன்.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். புது வீட்டுக்காரர்களின் குழந்தைகள் பரணில் ஏறி விளையாடுகிறார்கள் என்று ஒன்று. மிகவும் இனிப்பு. பரணை உடைத்து, அந்த மரத்தில் யாரோ பெஞ்சு செய்துவிட்டார்கள் என்று ஒன்று. நடக்கக்கூடியது. ஆனால் நான் பார்க்கவில்லை. என் பஸ் அந்தத் தெருமுனை வழியாகத்தான் போகிறது. நான் மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்துகொள்கிறேன். பயத்தினால் அல்ல என்று நினைக்கிறேன். அவர் குறி போடாமல் விட்டதை நான் போய்ப் படிப்பது சரியாகப் படவில்லை.

நீங்கள் இந்தக் கதைக்குள் வாருங்கள். குனிந்து வாருங்கள், தலை இடிக்கும். விரல் முட்டியால் ஒருமுறை தட்டிக் கேளுங்கள். சாக்பீஸ் உங்கள் கையில் இருக்கிறது.

அவசரமில்லை. நாங்கள் மூன்று பேரும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டோம்.