ஓரத்து எண்கள்

தங்கை புருஷனை நூலகத்து பைண்டிங் அறையில் சேர்த்துவிட்டதே பெரிய பைண்டர்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது. இப்போது நூலகத்து மேடம் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை புராணம். "அவர் கை நறுவிசு, வேலை அவ்வளவு சுத்தம்" என்பாள். அப்படியென்றால் இத்தனை காலம் இவர் கை என்ன, உலக்கையா?

அன்றைக்கு அரபு இலக்கிய வரலாறு ஐந்து தொகுதியும் வந்தன. ஆராய்ச்சிக்காரர்கள் புரட்டிப் புரட்டி நாராக்கியவை. போன முறை கட்டியவர் இவர். இம்முறை மேடம் நேரே மாப்பிள்ளை மேசையில் வைத்தாள்.

"பெரியவர் இதைக் கட்டியிருக்கார். கேட்டுக்கங்க," என்றதோடு சரி.

கேட்க வேண்டியது ஒன்றுதான். பக்க ஓரங்களில் எறும்பு மாதிரி எண்கள் இருக்கும். பழைய பதிப்பின் பக்க எண்கள். கடைசித் தொகுதியிலுள்ள பெயர் அட்டவணை அந்த எண்களைத்தான் காட்டும். ஓரத்தை வெட்டினால் எண் போச்சு. அப்புறம் எந்தப் புலவனையும் தேடிப் பிடிக்க முடியாது. போன முறை மேடம் இவரிடம் படித்துப் படித்துச் சொன்னது.

மாப்பிள்ளை முதல் தொகுதியை வெட்டு இயந்திரத்தில் வைத்து இறுக்கினான். ஓரமெல்லாம் கிழிந்து பல்லிளித்தது.

"மச்சான், கால் அங்குலம் எடுத்தா சுத்தமாயிடும். எடுக்கவா?"

அவர் பசையைக் கலக்கிக்கொண்டே, "என்னை ஏன் கேக்குறே மாப்பிள்ளே? நறுவிசான கை உன்னோடது," என்றார்.

"காலங்காத்தால குத்தாதீங்க. எடுக்கலாமா, வேணாமா?"

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார். "உன் இஷ்டம்."

கத்தி இறங்கியது. எண்களெல்லாம் காகித நாராகத் தரையில் விழுந்தன.

சாயங்காலம் மேடம் புரட்டிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"ஓரத்தை ஏன் வெட்டினீங்க? பெரியவர்கிட்ட கேட்டீங்களா இல்லியா?"

பெரிய பைண்டர் பசைக் கிண்ணத்தின் மேல் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை அவரை ஒரு பார்வை பார்த்தான்.

"கேக்கலை மேடம். என் அவசரம்."

மேடம் தொகுதியை மூடி வைத்தாள். பிறகு, "ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும்," என்றாள். "வேற நூலகத்துலேருந்து பிரதி இரவல் வாங்கித் தர்றேன். அதைப் பாத்து அத்தனை எண்ணையும் பென்சில்ல எழுதிடுங்க. மிச்சம் நாலையும் பெரியவர் கட்டட்டும்."

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனாலும் மேடம் போனதும் பெரிய பைண்டர் முணுமுணுத்தார்: "கேட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வீட்டுல உங்க தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது, மச்சான்?"

மறுநாள் அவர் நாலு தொகுதிகளோடு தனியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் மாப்பிள்ளை எண் எழுத, மேடம் அருகில் நாற்காலி போட்டு ஒவ்வொன்றாக வாசித்தாள். நடுவில் நிறுத்திக் குனிந்து பார்த்தாள்.

"அட, எழுத்தும் நறுவிசு."

பெரிய பைண்டர் பசையை இன்னும் ஓங்கிக் கலக்கினார்.