நாலாவைத் தாண்டிய பள்ளிக்கூடம்

அறுபதுகளின் தொடக்கத்தில், அந்தமானில் சௌல்தாரிக்கு அப்பால் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் செய்த முதல் காரியமே கோணல். பிள்ளைகளுக்கென்று கட்டிய பள்ளிக்கூடத்தை, ஜீப் வந்து நிற்கத் தோதாகச் சாலையோரம் கட்டினார்கள். அதிகாரி காலில் சேறு படக்கூடாதாம்! குடியிருப்பு இருந்ததோ நாலாவுக்கு அக்கரையில். மழை பிடித்துவிட்டால் அந்த ஓடை இடுப்பளவு ஓடும். எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

அந்த ஆனியில் கல்வி அதிகாரி வந்தபோது, வாத்தியார் பக்தவத்சலம் வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் அசடு வழிய நின்றார்.

"பச்சா லோக் ஒருத்தரும் இல்ல. அப்புறம் எதுக்கு ஸ்கூல்? அடுத்த மாசம் வர்றேன். அப்பவும் இப்படின்னா பந்த்" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப் ஏறினார்.

செய்தி அக்கரையில் இருந்த நீலாவதிக்கும் எட்டியது. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மகள் ஜெயமணி இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அதற்குள் மூடுவதாவது! அன்று மாலையே ஊரைக் கூட்டினாள். பாலம் கேட்டு மனு போடலாம் என்றார் பக்கத்து வீட்டுக் கண்ணையா.

"மனு கப்பலேறி மெயின்லேண்டு போயி வர்றதுக்குள்ள எம் மக பேரன் பேத்தி எடுத்துருவா அண்ணே. பிள்ளைங்க அங்க போக முடியலன்னா ஸ்கூலு இங்க வரட்டும். மரமும் ஓலையுந்தானே? தூக்குவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அவள் தனியாகக் கூரையேறி ஓலையைப் பிரிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. கண்ணையாதான் முதலில் கயிறோடு வந்தார். பிறகு ஊரே வந்தது. கொட்டுகிற மழையில், அட்டைக் கடியோடு, தூணும் பெஞ்சும் கரும்பலகையும் தோள்மேல் ஏறி நாலாவைக் கடந்தன.

சொன்னபடி அதிகாரி வந்தார். சாலையோரம் தூண் நட்ட குழிகள்தான் கிடந்தன. அக்கரையிலிருந்து வாய்ப்பாடு கேட்டது. வேறு வழியில்லாமல் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். நனைந்த கோலத்தில், கோபத்தோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். உள்ளே பெஞ்சு கொள்ளாத பிள்ளைகள்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

பின்வரிசையோரம் நின்றிருந்த நீலாவதி முன்னால் வந்தாள்.

"யாரையும் கேக்கல சாப். பெரிய ஆளு நீங்களே இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருக்கீங்க. எம் மக உங்க இடுப்பு உயரந்தான்."

முன்வரிசையில் எழுந்து நின்ற ஜெயமணியை அதிகாரி சற்று நேரம் பார்த்தார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"பாடத்தை நடத்துங்க."