வாளிக்குள் போன மஞ்சள்

மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டிலடியில் படர்ந்திருந்த மஞ்சள் வழும்பைப் பழந்துணியால் வழித்தாள் ஜெனின். நூல்நூலாய் ஒட்டிக்கொண்டு வந்தது. ஹோபார்ட் நகரத்திலிருந்து அவள் வீட்டுக்கு வந்த நாள் முதல் அம்மாவின் வாந்தி, அம்மாவின் சளி, அம்மாவின் படுக்கை. பெற்றவளைத் தொடவே அருவருப்பாக இருந்தது. அப்படி இருக்கிறதே என்று தன்மீதும் அருவருப்பு. துணியைச் சுருட்டிச் சமையலறைக் குப்பை வாளியில் எறிந்தாள்.

அப்பா டெஸ் காலுறையோடு உள்ளே வந்து கட்டிலடியைக் குனிந்து பார்த்தார்.

"இங்க மஞ்சளா கிடந்துச்சே, எங்க போச்சும்மா?"

"வாந்திதானேப்பா? தொடச்சுட்டேன்."

"அடிப் பாவி! அது உங்கம்மாவோட பூஞ்சை, கட்டைய விட்டு எறங்கி வந்தது. தீனி தீர்ந்து போச்சு, இன்னைக்கு ஏறித் தண்டு விட்டுடும்னு சொல்லிட்டுத்தான் கண் அசந்தா. அதப் பாக்கத்தான் உசிரப் புடிச்சு வச்சிருக்கா."

மழைக்காட்டிலிருந்து அவர் தூக்கி வந்த அழுகல் கட்டை மட்டும் கட்டிலருகே வெறுமனே கிடந்தது. அதில் ஊரும் சளிப்பூஞ்சை என்றால் அம்மா ஏவ்ரிலுக்கு உயிர். பள்ளிக்கூட நாளில் ஜெனின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், அம்மா அதற்குப் போட்ட ஓட்ஸைத் தின்றுவிட்டு மூடி வரை ஏறியிருக்கும் சனியன். "மூளை இல்ல, வாய் இல்ல, மொத்தமும் ஒரே செல்லுடி! பசிச்சா மேல ஏறி, தண்டு விட்டு நின்னு தூளா வெடிக்கும். தூள்லேர்ந்து குட்டிங்க வரும், ரெண்டு ஒண்ணாச் சேர்ந்து மறுபடி ஊரும்" என்று அம்மா குதூகலிப்பாள். மகளுக்குக் குமட்டும்.

கட்டிலில் ஏவ்ரிலின் உதடு அசைந்தது. "ஏறிடுச்சா?"

டெஸ் மகளைப் பார்த்தார். ஜெனின் சமையலறைக்கு ஓடினாள். இடுக்கியைத் தேடியவளை அவர் பின்னால் வந்து தடுத்தார்.

"நசுங்கிடும். கையால எடு. அறுந்தாப் பரவால்ல, ஒட்டிக்கும்."

தேயிலைச் சக்கை, ஆட்டுக் கொழுப்பு, வாந்தி துடைத்த காகிதங்கள். இரண்டு கையையும் விட்டாள். எது பூஞ்சை, எது அம்மா என்று தெரியவில்லை. சில்லென்று விரலிடுக்கில் வழுகியது. தொட்டியில் ஓங்கரித்துவிட்டு, கிடைத்ததை ஒரு தட்டில் வழித்துப் போட்டுக் கட்டிலருகே கொண்டு வந்தாள்.

ஏவ்ரிலுக்குக் கண் தெளியவில்லை. மகளின் கையைப் பிடித்து மூக்கருகே இழுத்து முகர்ந்தாள்.

"தேயிலை நாத்தம் அடிக்குது. வாளில போட்டுட்டியாடி?"

"வாந்தின்னு நெனச்சேம்மா."

வற்றிய தொண்டையில் சிரிப்பு கரகரத்தது. "எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. செத்துடுச்சா?"

ஜெனின் முதன்முறையாக அதைக் குனிந்து பார்த்தாள். கிழிந்த துண்டுகளின் விளிம்பில் ஏதோ முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுதும்மா. ரெண்டு துண்டு ஒட்டிக்கிச்சு."

"தண்டு விடலயே?"

"இன்னும் இல்ல."

"நீ பாரு" என்றாள் ஏவ்ரில்.

மதியத்துக்குள் ஏவ்ரிலின் மூச்சு நின்றுவிட்டது. டெஸ் என்ன செய்வதென்று தெரியாமல் ரொட்டியைச் சுட்டு, உப்புக் கரிக்கும் வெஜிமைட் பசையைத் தடவி எடுத்து வந்தார்.

"கையக் கழுவிட்டு வந்து சாப்பிடும்மா."

ஒரு கை இன்னும் அம்மாவின் பிடியில் இருந்தது. மஞ்சள் காய்ந்திருந்த மற்றக் கையால் ரொட்டியை எடுத்து, பூஞ்சைத் தட்டைப் பார்த்தபடியே ஜெனின் தின்னத் தொடங்கினாள்.