மூன்று கட்டத்தில் ஒரு மனு

வேதியியல் ஆய்வகத்தில் மூன்று மணி நாற்பது நிமிடமாக மாணவி தமிழ்மொழி உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வக உதவியாளரான நான் அவளுக்குக் காவல். கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டார்கள்.

காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் வகுப்புக்குப் போகாமல் மைதானத்திலேயே உட்கார்ந்தார்கள். பாடவேளையில் கழிவறையைப் பூட்டக்கூடாது என்பதுதான் கோரிக்கை. தலைமையாசிரியை கரோல் மேடத்திடம் ஒரு மனுவும் கொடுத்தார்கள்.

உப்புப் பகுப்பாய்வு எழுதுவதுபோல அதில் மூன்று கட்டங்கள். சோதனை: நேற்றுப் பதினொன்றரைக்குக் கழிவறைக் கதவைத் தள்ளினோம். உற்றுநோக்கல்: பூட்டு. அறிவன: மாணவிகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

கையெழுத்து தமிழ்மொழியுடையது. எழுதச் சொன்னது யார் என்று சொல்லாவிட்டால் டிசி கொடுத்துவிடுவார்கள். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்காது.

"மிஸ், அவசரமா வருது."

கிரில் வழியாகக் காவலாளியைக் கூப்பிட்டேன்.

"மேடம் சொல்லணும்மா. என் வேலைக்கு உலை வெக்காத."

"இதையும் எழுதிக்கலாம் மிஸ். உற்றுநோக்கல், பூட்டு." சிரித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"என் பேரைச் சொல்லிடு," என்றேன்.

"சும்மா இருங்க மிஸ். நீங்க சேந்தே நாலு மாசம்தான் ஆவுது. அனுப்பிச்சுடுவாங்க."

நான் சும்மா இருந்தேன். அது எனக்கு எளிதாக வரும்.

பூட்டு திறந்தது. கரோல் மேடத்தின் பின்னால் தமிழ்மொழியின் அம்மா சொர்ணம் மூச்சு வாங்க வந்தாள்.

"பெரும்பாக்கத்துலேந்து ரெண்டு பஸ்ஸு மாறி ஓடியாறேன். இன்னாடி பண்ணி வெச்சுகீற?"

"பாத்ரூமு பூட்டிக் கீதும்மா. தொறக்கச் சொன்னோம்."

"சாயந்தரம் வரிக்கும் அடக்கிக்கினு இருந்தா செத்தா பூடுவ? நானெல்லாம் இல்ல? பேரச் சொல்லித் தொலை!"

"யாருமில்ல. நானேதான் எழுதுனேன்."

"இவ்ளோ சுத்தமா நீ எழுதுவியா?" மேடம் டிசி புத்தகத்தை ஆய்வக மேசைமேல் விரித்தார். "வெளியாள் யாரோ தூண்டி விட்டிருக்காங்க. கடைசியாக் கேக்கறேன்."

தமிழ்மொழி கால்களை இறுக்கிக்கொண்டு நின்றாள். மேடம் பேனா மூடியைத் திறந்து அவள் பெயரின் முதல் எழுத்தை எழுதினார்.

"மேடம்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினேன்.

"மேடம், அந்த மனுவை எழுதினது நான். அவ பார்த்து எழுதினா, அவ்வளவுதான்."