புளுகம்

எனக்கு இளவரசிகளைக் கண்ணிலும் காட்டக்கூடாது. உடுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் பதினாறு வருடமாக நூலகத்தைப் பார்க்கிறேன். வருகிற பெண்பிள்ளைகள் எல்லோரும் முதலில் இழுத்தெடுப்பது தலையில் கிரீடமும் சிறுத்த இடுப்புமாக நிற்கிற இளவரசிப் புத்தகத்தைத்தான். அவள் அப்படி என்னதான் செய்கிறாள்? படுத்துக் கிடப்பாள். இல்லாவிட்டால் மாடத்தில் நின்று வழி பார்ப்பாள். யாராவது ஒருத்தன் குதிரையில் வரவேண்டும்.

எரிச்சல் தாங்காமல்தான் நானே எழுதத் தொடங்கினேன். நிசமாக இருக்கிற பெண்கள், அவர்கள் செய்கிற நிசமான வேலை, பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் அச்சிடச் சம்மதித்தது. முதல் புத்தகம் ஒரு மருத்துவிச்சியைப் பற்றியது. இரண்டாவது கேதீஸ்வரியைப் பற்றியது.

கேதீஸ்வரி பருத்தித்துறைக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவள். முப்பத்தாறு வயது. எஞ்சின் இருமுகிற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். ஆகாத எஞ்சினை ஆகும் என்று சொல்லி ஒருவரையும் அலைக்கழிக்கமாட்டாள். "இது இனிச் சரிவராது அண்ணை, புதுசு பாருங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த எஞ்சினுக்குப் போய்விடுவாள்.

புத்தகம் எழுதப்போகிறேன் என்று நான் போய்க் கேட்டபோது, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கோபிகாவைப் பற்றியும் அதிலை வரவேணும். அவள் வாசிக்கவேணும். மற்றபடி என்னத்தையும் எழுதுங்கோ ரீச்சர்."

கோபிகா அவளுடைய ஒரே மகள். கேதீஸும் புருஷனும் பிரிந்தவர்கள். அடிதடி ஒன்றுமில்லை, ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அவர் ரொறன்ரோவில் காலூன்றியதும் பிள்ளையைக் கூப்பிட்டார். இவள் அனுப்பிவைத்தாள். அப்போது பிள்ளைக்கு ஐந்து வயது, இப்போது ஒன்பது.

"ஏன் விட்டனீர்?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"அங்கை படிச்சா நல்லா வருவாள் எண்டு நினைச்சன். அண்டைக்கு அது சரியெண்டுதான் பட்டது." ஸ்பானரைத் துடைத்துக் கீழே வைத்தாள். "இப்ப அவளின்ரை தலைமணம் எனக்கு ஞாபகம் வருகுதில்லை ரீச்சர். அவளின்ரை தலகணி உறையை ஒரு வருசம் தோய்க்காமல் வைச்சிருந்தன். பேந்து அதிலையும் கிறீஸ் மணக்கத் தொடங்கியிட்டுது."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

பிள்ளையின் விசா வந்த அன்று, ஏஜென்சிக்காரன் இவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். அடுத்த பள்ளி விடுமுறைக்கு நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அது லேசான வேலை என்று. இவள் நம்பிவிட்டாள். "அந்தப் புளுகத்திலை, வாற லீவுக்கு அம்மா வந்திடுவன் எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள். அதற்குப் பிறகு மூன்று தரம் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். போனால் திரும்பி வரமாட்டார் என்று மூன்று தரமும் மறுத்துவிட்டார்கள்.

"கரையிலை பதினொரு எஞ்சின் என்ரை கையைப் பாத்துக்கொண்டு கிடக்கு. இதுகளை விட்டிட்டு நான் எங்கை ஓடப்போறன்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றைக்குத் தொலைபேசியில் ஒரு படமும் காட்டினாள். கோபிகா பிறந்தநாளுக்கு நீலச் சட்டை போட்டு, தலையில் மினுங்குகிற கிரீடம் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"உவளும் இளவரசியோ?" என்று முகத்தைச் சுளித்தேன்.

"வடிவாத்தானே நிக்கிறாள். நீங்கள் உங்கடை இளவரசியளோடை ஆறுதலாச் சண்டை பிடியுங்கோ ரீச்சர், என்ரை பிள்ளையை விடுங்கோ."

நான் வாயை மூடிக்கொண்டேன். அப்படி என் வாயை மூடவைத்தவர்கள் குறைவு.

நான்கு மாதத்தில் சரிபார்க்கச் சொல்லி அச்சுப்படிகள் வந்தன. படங்களைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கேதீஸுக்கு வெள்ளைத் தோல், சிவந்த உதடு, ஒரு சாண் இடுப்பு. கையில் ஸ்பானரை மயிலிறகு மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இளவரசிக்கு எதிராகப் புத்தகம் போடப்போய் இளவரசியையே கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தியிருந்தார்கள். மூன்று நாள் தொலைபேசியில் சண்டை. கறுப்பாக்கு, தோளை அகலமாக்கு, நகத்துக்குள் அழுக்கு வை. பதிப்பகத்துப் பெண் பொறுமையாகக் கேட்டு எல்லாவற்றையும் மாற்றினாள். எழுத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. நான் எழுதியதுதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற திமிர்.

புத்தகங்கள் ஐந்நூறும் வந்து இறங்கிய அன்றே, லீவில் வந்திருந்த கேதீஸின் மச்சாள் பிரியந்தினி ரொறன்ரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பெட்டியை உடைத்து முதல் பிரதியைக் கோபிகாவுக்கு என்று அவளிடம் கொடுத்தனுப்பினோம். கேதீஸ் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதலில் பிள்ளைதான் பார்க்கவேண்டும் என்று தன் பங்குக்கும் ஒன்று எடுக்காமல் இருந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை பின்னேரம், தேத்தண்ணியும் கையுமாக இருந்து நான் வாசித்தேன். பதினான்காம் பக்கம். கேதீஸ் விமான நிலைய வாசலில் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அதற்குக் கீழே, கேதீஸே சொல்வதுபோல, இப்படி இருந்தது: "அடுத்த விடுமுறைக்கு வந்துவிடுவேன் என்று மகள் கோபிகாவிடம் பொய் சொன்னேன்."

தேத்தண்ணி ஆறிப்போனது. நான் எழுதியது, "அந்தப் புளுகத்தில், அடுத்த விடுமுறைக்கு வந்துவிடுவேன் என்று மகள் கோபிகாவிடம் சொன்னேன்." புளுகு என்றால் எங்களுக்கும் பொய்தான். ஆனால் புளுகம் என்றால் எங்கள் ஊரில் சந்தோசம். சும்மா சந்தோசமில்லை, கால் நிலத்தில் பாவாத சந்தோசம். சென்னையில் அந்தச் சொல் இல்லை. ஏதோ எழுத்துப்பிழை, அதுவும் குழந்தைகள் புத்தகத்துக்குப் பொருந்தாத கொச்சை என்று நினைத்து அந்தப் பெண் நல்ல தமிழில் திருத்திவிட்டாள். அழைத்துக் கத்தினேன். "மேடம், உங்களுக்கு புரூஃப் அனுப்பினேனே" என்றாள். உதட்டுச் சாயத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டியவள், ஒரு வரியை வாசிக்கவில்லை.

இருந்த கோபம் முழுவதும் என்மேலே திரும்பியது. அந்தப் பிள்ளை இதை வாசித்தால் என்ன ஆகும் என்றுதான் மனது அடித்துக்கொண்டது.

ஞாயிறு விடிந்ததும் ஒரு பிரதியோடு பட்டறைக்குப் போனேன். கேதீஸ் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுத்துவிட்டு, நடந்தது அத்தனையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"என்னைப் பேசும், கேதீஸ். வாயிலை வந்ததைச் சொல்லி ஏசும்" என்றேன்.

"உங்களைப் பேசி என்ன ரீச்சர் செய்யிறது."

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. இங்கே ஞாயிறு காலை என்றால் அங்கே சனிக்கிழமை இரவு, கோபிகா படுக்கப்போகிற நேரம். கிழமைக்கு ஒருதரம் அம்மாவோடு கதைக்கிற நேரமும் அதுதான்.

"அச்சுப்பிழை எண்டு சொல்லும்" என்று அவசரமாகச் சொன்னேன். "கட்டாயம் வருவன் எண்டு சொல்லும். பிள்ளையை அழவைக்காதையும்."

கேதீஸ் கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எஞ்சின் மூடியில் சாய்த்துவைத்தாள். திரையில் கோபிகா கட்டிலில் சம்மணமிட்டு இருந்தாள். மடியில் புத்தகம்.

"அம்மா, பொய் எண்டா இங்கிலீசிலை 'லை' தானே?"

"ஓம் குஞ்சு."

"நீங்கள் எனக்குப் பொய் சொன்னனீங்களோ?"

"அதிலை ஒரு சொல்லை மாத்தி அடிச்சுப்போட்டினம். அம்மா சொன்னது புளுகம். எண்டா, சரியான சந்தோசம். அண்டைக்கு அம்மா சந்தோசத்திலைதான் சொன்னவா."

"அப்ப அது பொய் இல்லையோ?"

"சொல்லேக்கை பொய் இல்லை."

"இப்ப?"

நான் ஓம், வருவன் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். கேதீஸ் என் பக்கம் திரும்பவில்லை. கழற்றி வைத்த எஞ்சினைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"இப்ப பொய்தான் குஞ்சு. போன மாசமும் விசா இல்லையெண்டு கடிதம் போட்டிட்டினம். நாலாந்தரம். இனி எப்ப வரலாம் எண்டு அம்மாவுக்குத் தெரியாது."

நான்காவது கடிதம் வந்தது எனக்கும் அப்போதுதான் தெரியும். யாருக்கும் சொல்லாமல் ஒரு மாதம் அதை வைத்துக்கொண்டு ஊரார் எஞ்சினையெல்லாம் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கோபிகா அழவில்லை. புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"அப்பா எப்பவும் அம்மா வருவா, வருவா எண்டுதான் சொல்லுறவர்" என்றாள் கடைசியில். "நீங்கள் வந்தா என்னோடைதானே படுப்பீங்கள். அதாலை நான் எப்பவும் சுவர்ப்பக்கம் ஒதுங்கித்தான் படுக்கிறனான். இந்தப் பக்கத்தை உங்களுக்கு விட்டிருக்கிறன்."

கேதீஸ் தொலைபேசியை எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"சுவர் குளிருது அம்மா" என்றாள் பிள்ளை. "இண்டைக்கு நான் நடுவிலை படுக்கட்டோ?"

"படு ராசாத்தி" என்றாள் கேதீஸ். "நடுவிலை, நல்லா நீட்டி நிமிர்ந்து படு."