கதவில் ஒட்டினால் செல்லாது

1

நன்றி சொல்ல வேண்டிய நீதிபதிக்கு ஒரு ரொட்டித் துண்டுகூடக் கொடுக்க முடியாது என்று தெரிந்துகொண்ட நாளில்தான் இந்தக் கதையை எழுத நினைத்தேன். லூர்திஸ் தன் போர்த்துகீசியக் கைமணத்தோடு சுட்டு எடுத்துவந்த இனிப்பு ரொட்டியை நீதிமன்ற வாசல் காவலர் சிரித்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டார். காரில் உட்கார்ந்து நாங்களே பிய்த்துத் தின்றோம்.

"அப்போ நீ எழுது மகளே. உன் பாஷையில எழுதினாலும் பரவால்ல, கடவுளுக்குப் புரியும்," என்றார் லூர்திஸ்.

எழுதுகிறேன். டர்லாக் என்ற அமெரிக்க ஊரில், எங்கள் தெருவில் நடந்தது. லூர்திஸ் அவிலா என் பக்கத்து வீட்டுக்காரர். கணவர் இல்லை, கோழிகள் உண்டு. அவருக்கு அந்தப் பக்கத்து வீடு டுவேன் ஹாக்கெட். பாதாம் ஆலையில் இருந்தவர், வேலை போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: "டுவேன் ஒரு பொல்லாத மனிதன்." (அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "டுவேனின் நாய் செத்துப்போனது." (இது இருக்கட்டும்.)

நாயின் பெயர் பிக்கிள். ஒரு காலையில் முற்றத்தில் நுரை தள்ளிக் கிடந்தது. கோழிக்கூண்டுப் பக்கம் லூர்திஸ் எலி மருந்து வைத்ததுதான் காரணம் என்று டுவேன் முடிவு கட்டிவிட்டார். லூர்திஸ் மருந்தே வைக்கவில்லை. சொன்னார், எடுபடவில்லை.

அதன்பிறகு டுவேன் தினமும் வேலியருகே நின்று "கொலைகாரி!" என்று கத்தினார். டிரக்கைக் குறுக்கே நிறுத்தி லூர்திஸின் காரை மறித்தார். மாதா கோயில் வரை பின்னாலேயே வந்தார். லூர்திஸ் தன் கோழிகளுக்குத் தீனி போடவே பயந்தார்.

(பக்கத்து வீட்டுச் சண்டைதானே என்று நினைத்துவிடாதீர்கள். டிரக் சத்தம் கேட்டு லூர்திஸ் திடுக்கிட்டு எழுந்ததில் என் வீட்டுக் காப்பிக் கோப்பை ஒன்று உடைந்தது.)

கடைசியில் லூர்திஸ் நீதிமன்றம் போனார். டுவேன் நெருங்கக் கூடாது என்று தற்காலிகத் தடை உத்தரவு உடனே கிடைத்தது. நிரந்தரமாக வேண்டுமென்றால் விசாரணை. அந்த விசாரணைத் தேதி டுவேனுக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்குள் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு தங்கை ஊருக்குப் போய்விட்டார். ஷெரிஃப் அலுவலகப் போலீஸார் விசாரணைத் தாள்களோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். லூர்திஸின் கோயில் தோழி ஒருத்தி அந்தத் தாள்களை டுவேன் வீட்டுக் கதவில் ஒட்டினாள்.

3

"அவர் கையில யாராவது குடுத்தீங்களா?" என்று விசாரணையன்று நீதிபதி கேட்டார். மெதுவாகப் பேசும் பெண்மணி.

"கதவுல ஒட்டினோம்மா. நல்ல டேப்."

"டேப் நல்ல டேப்தான். ஆனா விஷயம் அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியலையே. அவருக்குச் சொல்லாம, அவர் பேச்சைக் கேக்காம, வருஷக்கணக்குல உத்தரவு போட முடியாதும்மா."

வேறு தேதி கொடுத்தார். அதுவரை தற்காலிகத் தடையையும் நீட்டித்தார். அந்த இரண்டாவது வாக்கியம் லூர்திஸ் காதில் விழவே இல்லை. வெளியே வந்ததும் வெடித்தார்.

"என்னைத் திட்டறவனுக்கு நான் வெத்தலபாக்கு வெச்சு அழைப்பு குடுக்கணுமா?"

(வெற்றிலைபாக்கு நான் வைத்தது. அவர் சொன்னது ஒரு போர்த்துகீசிய வசவு, அச்சில் வராது.)

வழக்குப் போட்டவரே தாளைக் கொடுக்கக் கூடாதாம். வழக்கில் சம்பந்தமில்லாத, வயது வந்த யார் வேண்டுமானாலும் கொடுக்கலாமாம். லூர்திஸ் என்னைப் பார்த்தார்.

4

நான் தலைநிமிர்ந்து நடந்து சென்று டுவேனின் கதவைத்

இல்லை. அப்படி நடக்கவில்லை. டுவேனின் டிரக் திரும்பி வந்ததைச் சனிக்கிழமை நடுப்பகலில் ஜன்னல் வழியே பார்த்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். பிறகு போனேன்.

"என்னம்மா, அந்தக் கிழவி தூது அனுப்பினாளா?"

"கோர்ட் தாள். உங்க கையில குடுக்கணும்."

"வாங்கலைன்னா?"

"இங்கயே வெச்சிட்டுப் போவேன். குடுத்ததாத்தான் அர்த்தம்."

முறைத்தார். வாங்கினார். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் பார்த்தார். "எப்போன்னு போட்டிருக்கு?"

தேதியையும் நேரத்தையும் படித்துச் சொன்னேன்.

"நான் அங்க வந்து பேசலாமா?"

"பேசலாம். அதுக்குத்தானே முன்னாடியே தர்றாங்க."

டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு யாரும் எதையும் முன்னாடி சொன்னதில்லம்மா. வேலை போனது, ஷிப்டுக்குப் போய் கேட்ல நின்னப்புறம்தான் தெரியும். பெண்டாட்டி போனது, காலி அலமாரியப் பார்த்துத்தான் தெரியும். எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் எனக்குச் சொல்லுவாங்க." தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நன்றி."

திட்டு வாங்கத் தயாராகப் போனவளுக்கு நன்றி கிடைத்தால் என்ன செய்வாள்? தலையசைத்துவிட்டு வந்தேன். என் கதாபாத்திரம் என் கையை விட்டு நழுவிய இடம் இதுதான். (நாயை இழந்தவர் என்பதற்காக ஒரு விதவையைத் துரத்தியது சரியாகிவிடாது. இதை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.)

5

டுவேன் வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு.

லூர்திஸ் எல்லாவற்றையும் சொன்னார், ஒரு நாள் தன் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்ததையும் சேர்த்து. ஒன்றையும் விடவில்லை. பிறகு டுவேன் எழுந்தார்.

"கத்தினேன். ஆமா. காரை மறிச்சேன். பின்னாடி போனேன். ஆனா ஜன்னல் கண்ணாடிய நான் உடைக்கல. அப்போ தங்கச்சி வீட்ல இருந்தேன்."

நீதிபதி லூர்திஸைப் பார்த்தார். லூர்திஸ் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"அன்னிக்கு அவன் டிரக் இல்ல. சரிதான்." பிறகு, யாரும் கேட்காமலே, டுவேன் பக்கம் திரும்பினார். "உன் நாய்க்கு நான் வேலி வழியா சாசேஜ் போடுவேன். அது செத்தப்போ நானும் அழுதேன்."

டுவேன் மேசையைப் பார்த்தபடி நின்றார். நம்பினாரா என்று தெரியாது.

நீதிபதி ஜன்னல் புகாரை நீக்கிவிட்டு மற்றதற்கெல்லாம் உத்தரவு போட்டார். மூன்று ஆண்டுகளுக்கு டுவேன் லூர்திஸிடம் பேசக் கூடாது, பின்தொடரக் கூடாது, அவர் வாசலுக்கு வரக் கூடாது.

"அந்த ஜட்ஜ் அம்மா அன்னிக்கே உத்தரவு போட்டிருந்தா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு அவன் மறுபடியும் வந்திருப்பான்," என்றார் லூர்திஸ், வெளியே வந்ததும். "இப்போ அவனே வந்து கேட்டுட்டுப் போயிருக்கான். அந்த அம்மா நல்லா இருக்கணும்." அடுத்த ஞாயிறு நீதிபதியின் பெயர் தெரியாமலே மெழுகுவர்த்தி ஏற்றினார். மறுநாள் காலை கோழிகளோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நான் நன்றியுடையவள்.

6

மூன்று ஆண்டுகளும் முடியப்போகின்றன. டுவேன் ஒருமுறைகூட உத்தரவை மீறவில்லை. லூர்திஸ் விரும்பினால் உத்தரவை நீட்டிக்கக் கேட்கலாம்.

"கேக்கணுமா மகளே? கேக்கலைன்னா பயமா இருக்கு. கேட்டா பாவமா இருக்கு," என்கிறார்.

முடிவு அ: கேட்கிறார். தாளை மறுபடியும் நான் கொண்டுபோகிறேன், டுவேன்

முடிவு ஆ: கேட்கவில்லை. ஒரு காலையில் வேலியருகே டுவேன் வந்து

இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டேன். லூர்திஸ் கோழிகளோடு இருக்கிறார். டுவேன் டிரக்கைக் கழுவிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்தில் இருப்பது நீங்களும் நானும் மட்டும்தான். என்ன செய்யலாம் என்று உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். தோன்றட்டும். ஆனால் அதைத் தீர்ப்பாக எழுதுவதற்கு முன்னால் அந்த இருவருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லுங்கள், வரட்டும், பேசட்டும்.